சுவிட்சில் கை வைக்காதீங்க, பட்டனை அழுத்துங்க!

செமஸ்டர் லீவில் பாவூர்சத்திரம் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி அப்ளிகேஷனுக்கு மறுநாளே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும். மாசக்கணக்கில் தூங்கின இங்க்ஜெட் பிரிண்டரை எழுப்பினால், அவள் முகம் பச்சையாக, கோடு கோடாக வந்தது! மெஜந்தா அடைத்துவிட்டது, மிச்சம் சயானும் மஞ்சளும். ரெண்டும் சேர்ந்தா பச்சைதானே?

நாசில் துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. இங்க்கில் இருக்கும் தண்ணீர் ஆவியானால் துளை அடைத்துக்கொள்ளும். நான் பதறிப்போய் 'ஹெட் கிளீனிங்'கைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தப்பு! ஒவ்வொரு முறையும் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும்.

சரியான வழி: முதலில் 'நாசில் செக்'. கோடு விடுபட்டால் ஒரு கிளீனிங், மறுபடி செக். ரெண்டு மூணு தடவையிலும் சரியாகலையா? ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க விடுங்க. காய்ந்த இங்க் ஊறி இளகும். கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் உள்ள மாடல் என்றால், புது கார்ட்ரிட்ஜ் போட்டால் ஹெட்டும் புதுசு.

அடைக்காமல் இருக்க:

• பிரிண்டர் பட்டனில்தான் ஆஃப் பண்ணணும். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். பிரிண்ட் ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்தால் நாசில் திறந்தே கிடக்கும்.
• வாரம் ஒரு கலர் பக்கம்.
• சாரல் காலத்தில் போட்டோ பேப்பரை ஈரம் புகாத கவரில் வைங்க.

தங்கச்சி போட்டோ? ஸ்டூடியோவில்தான் எடுத்தோம். பிரிண்டர் மறுநாள் காலை சரியாச்சு. இப்போ வாராவாரம் அந்தக் கலர் பக்கம் அவள் பொறுப்பு.