உப்பும் ரப்பர்ப் பாலும்

பாலிக் புலாவ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியோர் அயனியின் செயலைக் கண்ணாரக் கண்டவர்களே. ரப்பர்ப் பாலின் நுண்துளிகள் எதிர்மின்னூட்டம் உடையன. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பார்மிக் அமிலம் ஈயும் நேர்மின் ஹைட்ரஜன் அயனிகள் அம்மின்னூட்டத்தைத் தணிக்கவே, துளிகள் கூடிப் பால் உறைகிறது.

அயனி தோன்றுவது எவ்வாறு? சோடியம் அணு தன் புறக்கூட்டிலுள்ள ஒற்றை எலெக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. புறக்கூட்டில் 7 எலெக்ட்ரான் உடைய குளோரின் அதனை ஏற்று, 8 நிரம்பி எதிர்மின் அயனியாகிறது. இவ்விரண்டும் ஈர்த்துப் பிணைய உப்பு விளைகிறது.

ஈண்டு ஆசிரியர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ‘ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் துணை’ என்று மட்டும் கூறின் மாணவர் மயங்குவர். படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் எதிரின அயனிகள் 6 சூழ்கின்றன. ஓரினம் விலக்குதலைப் பாலிலும், வேற்றினம் ஈர்த்தலை உப்பிலும் காட்டுக, பாடம் விளங்கும்.