செயற்கைக்கோள் பாதையில் எந்தச் சரக்கு முதலில்?

சில ஏ.டி.எம். அறைகளின் மாடியில் கிண்ணம் போன்ற ஆன்டெனாவை வணிக அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். அது வி-சாட். 1994-இல் தேசியப் பங்குச் சந்தை ஊரூராகத் தரகர்களை இணைத்தது இதை வைத்துத்தான். நமது கம்பம் பள்ளத்தாக்கில் இருபுறமும் மலை என்றாலும், கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருப்பதால் மலை மறைப்பதில்லை. பலத்த மழைதான் தொல்லை.

கோளின் உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகும். பணம் எடுப்பவருக்கு அது தெரியாது. தொலைபேசியில் பேசுபவருக்கோ பேச்சு மோதிக்கொள்ளும்.

பாதையும் குறுகல். போடி ஏலக்காய் மூட்டைகளை ஏற்றி முடிக்கும் வரை அதே லாரியில் அவசரக் கடிதமும் காத்திருந்தால் எப்படி? ஆகவே கருவியிலேயே தகவல்களைத் தரம் பிரிக்கிறார்கள். கார்டு விவரம் சில நூறு எழுத்துகள் அளவே. அதை முதலில் விடலாம். பேச்சு தடையின்றிச் செல்ல அதற்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டும். கணக்குக் கோப்பு, ஸ்டாக் பட்டியல் எல்லாம் கடை அடைத்தபின் போகட்டும். (வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் புது மென்பொருளை இறக்கினால் பில் நகராது!) இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், நெரிசலில் எது முந்தும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.