வெயில் கழுவும் நீர்

 

வெயிலில் சூடேறிய நீரில் வுழூச் செய்யலாமா என்பது பழைய மஸ்அலா. உஷ்ணப் பிரதேசத்தில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரை, அந்தச் சூட்டுடன் உடலில் பாவிப்பது மக்ரூஹ் என்பது ஷாபிஈ மத்ஹபில் பிரபலமான கூற்று. மக்ரூஹ் இல்லை என்பதே இமாம் நவவி (ரஹ்) அவர்களின் தெரிவு. எப்படியாயினும், குளத்து நீருக்கு இச்சட்டம் இல்லை.

குளத்து நீரில் வெயில் செய்யும் வேலையோ வேறு. அது நீரைக் கழுவுகிறது!

நீரில் கலந்த பல இரசாயனங்களின் மூலக்கூறுகள் சூரியனின் புறஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. அச்சக்தியால் அவற்றின் பிணைப்புகள் அறுந்து, அவை சிதைகின்றன. கதிரை நேரே உறிஞ்சாதவற்றுக்கும் வழியுண்டு. இலைகுழை அழுகிக் கரைந்த பொருட்கள், ஒளி பட்டதும் தாக்குந்திறன் மிக்க துணிக்கைகளைப் பிறப்பிக்கும். அவை மாசுகளைத் தாக்கி உடைக்கும்.

உடல்வலிக்கு நாம் விழுங்கும் டைக்குளோபெனக் மாத்திரையை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதி சிறுநீருடன் வெளியேறிக் கழிவுநீரில் சேர்கிறது. சுவிட்சர்லாந்தின் கிரைபன்ஸே ஏரிக்கு வந்து சேரும் இம்மருந்தின் பெரும்பகுதியை வெயிலே சிதைத்து விடுகிறது என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்தலுஸில் முஸ்லிம்கள் எழுப்பிய நகரங்களுள் ஒன்று அல்மேரியா. அதனருகேயுள்ள தபெர்னாஸ் பாலைநிலத்தில், இன்று சூரிய சக்தி ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. வெள்ளைப் பெயின்றில் சேர்க்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளை மாசுநீரில் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டு, வளைந்த ஆடிகளால் வெயிலை அவற்றின்மேல் திருப்பி, பூச்சிநாசினிகளைச் சிதைக்கும் முறையை அங்கே ஆராய்ந்துள்ளனர்.

அல்லாஹ்வின் படைப்பில் எத்துணை விந்தை! ஆயினும் சகோதரிகளே, இதற்கு எல்லையுண்டு. கலங்கிய நீரில் ஒளி ஆழமாக இறங்காது. சிதைந்த துண்டுகளிலும் சில நஞ்சாகலாம். ஈயம், ஆர்செனிக், புளோரைட்டு முதலியவற்றை ஒளி உடைத்து அழிக்காது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் பல கிணறுகளில் புளோரைட்டு அதிகம். தெளிந்த நீரைப் போத்தலில் அடைத்து ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் வைத்தால் நோய்க்கிருமிகள் பல சாகும். புளோரைட்டோ அப்படியே இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விடயம் இதுதான்: நிலத்தடி நீர் வெயிலைக் காண்பதில்லை. வயலுக்கு அடித்த மருந்துப் போத்தலைக் கிணற்றடியில் கழுவினால், அந்த நஞ்சு மண்ணினூடாக இருளுக்குள் இறங்குகிறது. அங்கே அதைச் சிதைக்க ஒளி இல்லை. பின்னர் அதே நீரில்தான் சோறு சமைக்கிறோம். பிள்ளைக்குப் பால் கரைக்கிறோம்.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நஞ்சை ஊற்றுவது எவ்வளவு பாரதூரமானது! மருந்துப் போத்தலைக் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டாமென இன்றே வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். காலாவதியான மாத்திரைகளை மலசலகூடத்தில் கொட்டாதீர்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்க உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வழி கேளுங்கள்.

நீர் அமானிதம். அதனைப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.