பாடு முறை முதல் கருத்துக்கேட்பு வரை... பழவேற்காட்டைக் காக்கும் சாமானியர்கள்!

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூரைத் தாண்டும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூரில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். பொன்னேரி நெருங்க நெருங்க நெல்வயல்கள். அங்கிருந்து பஸ் பிடித்துக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தொழிற்சாலை, விவசாயம், மீன்பிடிப்பு மூன்றையும் பார்த்துவிடலாம். இவை மூன்றும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, சம்பளமே இல்லாமல் பலர் இங்கே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு ஆறுகள், இரண்டு கழிமுகங்கள்

பொன்னேரியை ஒட்டி ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தெற்கே ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூர் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இரண்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பரப்பு 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவது இங்கேதான்.

மறுபக்கம், சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் தமிழகத்துக்கான தொழில் முனையமாகத் தேர்வு செய்யப்பட்டதும் பொன்னேரிதான். எண்ணூர் துறைமுகத்தையும் மாமல்லபுரம் அருகிலுள்ள பூஞ்சேரியையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலையும் இந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த அளவில், யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி.

கிணறு உப்பான கதை

இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது. சென்னையின் தாகத்துக்காகவும் பாசனத்துக்காகவும் மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் பல ஆண்டுகள் அளவின்றி உறிஞ்சப்பட்டது. நல்ல தண்ணீர் கீழே இறங்க, அந்த இடத்துக்குக் கடல்நீர் நுழைந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர், 1983-ல் சுமார் 7 கி.மீ. வரை உள்ளே வந்துவிட்டதாக ஆய்வுகள் பதிவு செய்தன. பிறகுதான் 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்குள் பல கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன. உப்பான நிலத்தடி நீர் அவ்வளவு எளிதில் இனிப்பாவதில்லை.

முறை வைத்து மீன் பிடிப்பவர்கள்

அளவோடு எடுப்பது எப்படி என்பதைப் பழவேற்காட்டு மீனவர்கள் எந்தச் சட்டமும் சொல்லாமலே கடைப்பிடித்துவந்தார்கள். அதன் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் சண்டையும் வரும், இறாலும் தீரும். அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், எந்த வலை, எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறையின் மையம்.

பாடு குறையில்லாத ஏற்பாடு அல்ல. உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கு மட்டும்தான். சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இறால் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு, பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே உரசலும் வந்தது. இருந்தாலும், பொதுச் சொத்தைத் தீர்ந்துபோகாமல் பயன்படுத்தலாம் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று இது.

காணாமல் போன கழிமுகம்!

தெற்கே எண்ணூரில் நடந்தது இன்னும் வியப்பானது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் அளித்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் கட்டுமானங்களுக்கு இடமில்லாத பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்திலோ அந்தக் கழிமுகத்தையே காணோம்! 2017-ல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு இதை வெளியே கொண்டுவந்தவர்கள் எண்ணூர் கழிமுகத்துக்காக இயங்கும் தன்னார்வலர்கள். சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு காகிதத்தில் மறைந்துவிட்டது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அதே ஆண்டு தொடக்கத்தில் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூரை நாடு முழுக்கப் பேசவைத்தது. 'புறம்போக்கு' என்பது வசவுச்சொல் அல்ல, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்பதைப் பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கழிமுகத்தில் பரவியது. முதல் நாள்களில் கையில் கிடைத்த பக்கெட்டும் மக்குமாக அதை அள்ளி எடுத்ததும் மீனவர்கள்தான்.

6,110 ஏக்கர் கேள்வி

இப்போது எல்லோர் பார்வையும் காட்டுப்பள்ளி மீது. கடலுக்கும் கொசஸ்தலை ஆற்று நீர்ப்பரப்புக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு அது. அங்குள்ள துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்திடம் வந்தது. அதன் பரப்பை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகவும், கையாளும் சரக்கை ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாகவும் உயர்த்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. முதலீடு, வேலைவாய்ப்பு என்பது ஆதரவாளர்கள் வாதம். மணல் திட்டு அரித்துப்போனால் ஏரியும் ஆறும் கடலோடு கலந்துவிடும், வெள்ளம் வடிய வழியிருக்காது என்பது மீனவர்களின் அச்சம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டுமே தள்ளிவைக்கப்பட்டன.

சாமானியர்கள் கேட்டால் நடக்குமா? மலையில் நடந்திருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர், கொடைக்கானலில் அனுமதியை மீறி எழுந்த ஹோட்டல் மாடிகளை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1995-ல் அந்த விதிவிலக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெரிய திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்வது இது.

* திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

* கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால் எழுத்திலும் கருத்தை அனுப்பலாம். அங்கே பேசுவது அனைத்தும் வீடியோவில் பதிவாகும்.

* உங்கள் ஊர் ஏரி, ஓடை வரைபடத்தில் இருக்கிறதா என்று சந்தேகமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எண்ணூரில் காணாமல் போன கழிமுகம் கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படி ஒரு மனுவால்தான்.