சக்கரம் சொல்லும் கணக்கு

அடுத்த முறை காரில் ஏறும்போது, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டரைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வேகம் காட்டும் முள் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் வரிசையாகச் சில எண்கள் இருக்கும். அவை ஆடாது, குறையாது. வண்டி ஓட ஓட ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பழைய கணக்கை மறக்காது. அதுதான் ஓடோமீட்டர். புது வண்டியாக வந்த நாளில் இருந்து அது மொத்தம் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

சரி, இதைப் படிப்பதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? பெரியவர்களே தப்பாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்! பழைய ஸ்கூட்டர், கார்களில் கடைசி எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது கிலோமீட்டர் அல்ல, கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 45213 என்று தெரிந்து, அந்த 3 மட்டும் சிவப்பாக இருந்தால், வண்டி ஓடியது 4,521.3 கி.மீ. தான். புது வண்டிகளில் ஒரே திரையில் 'ஓடோ', 'டிரிப்' என்று இரண்டு கணக்கு மாறி மாறி வரும். டிரிப் என்பது ஒரு பயணத்துக்கான கணக்கு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் பூஜ்யமாகிவிடும். ஓடோ ஆகாது. (அப்பாவிடம் கேட்காமல் பொத்தானை அழுத்தித் திட்டு வாங்காதீர்கள்!)

இந்தக் கருவிக்குச் சாலையைப் பார்க்கத் தெரியாது. அது எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளைத்தான். 60 செ.மீ. விட்டமுள்ள கார் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22/7 ஆல் பெருக்குங்கள். சுற்றளவு சுமார் 188.5 செ.மீ. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 சுற்று. பழைய வண்டிகளில் கியர் பெட்டியில் இருந்து ஒரு கேபிள் வந்து, மீட்டருக்குள் இருக்கும் பல் சக்கரங்களைச் சுற்றும். 0 முதல் 9 வரை எழுதிய உருளைகளில் ஒன்று முழுச் சுற்று வந்ததும் பக்கத்து உருளையை ஒரு படி தள்ளிவிடும். கூட்டல் கணக்கில் நீங்கள் மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறீர்களே, அதேதான்! இப்போதைய வண்டிகளில் கேபிளுக்குப் பதில் சென்சார். சுழற்சியை மின் துடிப்பாக மாற்றி அனுப்பும். சில்லு எண்ணி வைத்துக்கொள்ளும்.

கையில் கருவி இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 1847-ல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் குதிரை வண்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் மேற்கு நோக்கிப் போனார்கள். அவர்களில் வில்லியம் கிளேட்டன் என்பவர் வண்டிச் சக்கரத்தை அளந்தார். சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 முறை சுற்றினால் சரியாக ஒரு மைல். சக்கரத்தின் ஆரக்காலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, நாள் முழுக்கப் பக்கத்திலேயே நடந்து, துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணினார். மே 8-ம் தேதி அவர் எண்ணியது 4,070 சுற்று! பதினொன்றே கால் மைலுக்குச் சற்று அதிகம். பாவம், எத்தனை நாள் அப்படி எண்ண முடியும்? கூட வந்தவர்கள் சில நாட்களிலேயே மரத்தில் பல் சக்கரம் செய்து வண்டியில் மாட்டிவிட்டார்கள்.

உங்கள் சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம். விளையாட்டுத் திடலில் மட்டும், ரோட்டில் வேண்டாம்.

ஓடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஒரு கல்லில் டிரிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லி, பத்து கல் தாண்டியதும் பாருங்கள். 10.2 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். டயர் தேய்ந்தால் சக்கரம் கொஞ்சம் சிறிதாகிவிடும். அதே தூரத்துக்கு அதிக சுற்று சுற்றும், கணக்கும் சற்றுக் கூடும்.

எத்தனை கி.மீ. வரை ஒரு கார் ஓடும்? அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்பவர் 1966-ல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013-ல் அது 30 லட்சம் மைலைத் தாண்டியது. அதாவது 48 லட்சம் கி.மீ.! பூமியை 120 தடவை சுற்றிய தூரம். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்தான். என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. சில வருடங்களுக்கு முன் என் தம்பி மகன் பழைய கார் ஒன்றை வாங்கப் போனான். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவன் மகளும் கூடப் போனாள். மீட்டரில் 38,412 கி.மீ. "ரொம்பக் கம்மியா ஓடின வண்டி சார்" என்றார் விற்பவர். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பானெட்டைத் திறந்து காட்டியபோது, உள்ளே கம்பியில் கட்டியிருந்த ஆயில் மாற்றும் அட்டையை இவள் படித்திருக்கிறாள். அதில் 87,500 என்று இருந்தது.

"அப்பா, கார் பின்னாடி ஓடினா மீட்டர் குறையுமா?" என்று கேட்டாளாம்.

"அது வேற வண்டி அட்டை பாப்பா" என்று சிரித்தார் விற்பவர். என் தம்பி மகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பரில் வரி வரியாக இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கும் பளபளத்தது. 38 ஆயிரத்தில் இப்படித் தேயாது என்றார். பிறகு வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் விசாரித்தார்கள். கடைசி சர்வீசின்போதே 86 ஆயிரத்துக்கு மேல் ஓடியிருந்தது!

பழைய மீட்டரைக் கழற்றித் திருப்பினார்கள் என்றால், இப்போது ஒரு கருவியை மாட்டி எண்ணையே மாற்றிவிடுகிறார்கள். இதில் போவது பணம் மட்டுமல்ல. பிரேக், பெல்ட் போன்றவற்றை எப்போது மாற்றுவது என்பதையே கி.மீ. கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கணக்கு பொய்யானால், தேய்ந்துபோன பாகத்தைப் புதிது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருப்போம்.

கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அதற்கே நாலு நடை நடந்தான். எங்கள் குட்டிப் பெண்ணோ, அன்று முதல் யார் வீட்டுக் காரில் ஏறினாலும் முதலில் குனிந்து பெடலைத்தான் பார்க்கிறாள்!