இரண்டு கிளினிக் கொப்பிகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் விதைநெல் பற்றிய கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பின்னர், ஒருவர் மட்டும் மரத்தடியில் நின்றார். கையில் பொலித்தீன் பையால் சுற்றிய இரண்டு கொப்பிகள். ஒன்று மனநல கிளினிக் கொடுத்தது. மற்றதை அவர் வேறொரு பட்டினத்துக்கு, தன்னைத் தெரிந்தவர் எவரும் இல்லாத இடத்துக்கு, பஸ் ஏறிப் போய் எடுத்து வந்திருந்தார். அது எச்.ஐ.வி. நோய்க்கானது. ஒரு கிளினிக்குக்கு மற்றக் கிளினிக்கைப் பற்றித் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவர் மிகக் கவனமாக இருந்தார்.

அவருடைய பிரச்சினை இதுதான். எச்.ஐ.வி. குளிசையை ஒருநாள் தவறாமல் விழுங்குகிறார். அப்படியிருந்தும் இரத்தத்தில் கிருமியின் அளவு குறைய வேண்டிய மாதிரிக் குறையவில்லை. “குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்களாம். “பாதர், நான் பொய்யா, மருந்து பொய்யா?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், ஒரு வைத்தியரிடம் இரு மருந்துகளின் பெயரை மட்டும் காட்டினேன். அவர் சொன்னதை எமது மக்களுக்குப் புரியும் மொழியில் இங்கே எழுதுகிறேன்.

குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டம் ஒன்று உண்டு. குறைந்தால் வயல் வாடும்; கூடினால் கட்டு உடையும். இரத்தத்தில் மருந்தும் அப்படித்தான். உள்ளே வரும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றும் துருசு எமது ஈரல். அநேக மருந்துகள் அந்த ஒரே துருசு வழியாகத்தான் போகின்றன. அந்த மனிதர் பல வருடங்களாக எடுத்து வந்த குளிசை கார்பமசெபின். வலிப்புக்கும், மனம் அளவுமீறிப் பொங்கித் தாழும் நோய்க்கும் கொடுப்பது. நல்ல மருந்துதான். ஆனால் அது ஈரலின் துருசை அகலத் திறந்துவிடும். பெனிடோயின், பெனோபார்பிற்றோன் என்ற வலிப்பு மருந்துகளும், சயரோகத்துக்கான ரிபாம்பிசினும் இதே வேலையைச் செய்பவை.

அவர் எடுத்த எச்.ஐ.வி. மருந்து டொலுடெக்ராவிர். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. நாளுக்கு ஒரு குளிசை போதும். ஆனால் துருசு அகலத் திறந்திருந்தால், அடுத்த குளிசைக்கு நேரம் வருமுன்னரே மட்டம் இறங்கிவிடும். பொய் சொன்னது மனிதனுமல்ல, மருந்துமல்ல. மிளகாய்ச் செய்கையில் அரைகுறை அளவில் மருந்து அடித்தவர்களுக்கு அடுத்தது தெரியும்: சாகாத பூச்சி பழகிவிடுகிறது. எச்.ஐ.வி. கிருமியும் குறைந்த அளவு மருந்துக்குப் பழகினால், பிறகு சரியான அளவு கொடுத்தாலும் அது மசியாமல் போகலாம்.

மறுபக்கமும் உண்டு. முதல் மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் சில எச்.ஐ.வி. மருந்துகளோடு ரிட்டோனாவிர் சேர்ந்திருக்கும். அது துருசை அடைத்துவிடும். அப்போது குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தோ, மிடசோலம் என்ற மயக்க மருந்தோ இரத்தத்தில் வான் பாயும் அளவுக்கு ஏறும். எழும்ப முடியாத உறக்கம், மூச்சுத் தளர்ச்சி எல்லாம் வரலாம். பிமோசைட் என்ற மருந்தை இதனோடு கொடுக்கவே கூடாது. இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். நித்திரை வரவில்லையென்று அயல்வீட்டுக்காரரிடம் ஒரு குளிசை வாங்கிப் போடும் பழக்கம் எம்மிடையே உண்டு. முகாம் வாழ்க்கையில் பழகியது. இவர்களுக்கு அது ஆபத்து.

லித்தியம் எடுப்பவர்களின் கதை வேறு. அது ஈரலால் அல்ல, சிறுநீரகத்தால் வெளியேறுவது. டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தும் அதே வழியால் போகிறது, சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் செய்கிறது. ஆகவே இரண்டையும் எடுப்பவர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. வெயிலில் நின்று வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் அருவி வெட்டினாலும், வயிற்றோட்டம் வந்தாலும் லித்தியம் உடலில் தேங்கும். நாரிநோவுக்குக் கடையில் வாங்கும் டைகுளோபெனாக்கும் அதைத் தேக்கும். நோவுக்குப் பனடோல் போதும். கை நடுங்கி, வாந்தியெடுத்து, கள்ளுக் குடித்தவர்போலத் தள்ளாடினால் ஏச வேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

சில எச்.ஐ.வி. மருந்துகள் மனத்தையே தொடுகின்றன. முன்னர் பரவலாகக் கொடுக்கப்பட்ட எபவிரென்ஸ் பயங்கரமான கனவுகளையும் தலைச்சுற்றையும் தரும். சிலருக்கு மனச்சோர்வும் வரும். எமது மக்களுக்கு ஷெல் விழுந்த இரவுகள் கனவில் வருவது புதிதல்ல. எனவே கனவு மருந்தினால் வருகிறதா, பழைய காயத்தினால் வருகிறதா என்று நோயாளிக்கே பிரித்தறிய முடியாது. குளிசை தொடங்கிய திகதியைக் கிளினிக் கொப்பியில் காட்டிச் சொன்னால் வைத்தியருக்கு விளங்கும். டொலுடெக்ராவிராலும் சிலருக்கு நித்திரை குழம்பும். அவர்களைக் காலையில் எடுக்கச் சொல்வார்கள்.

மூலிகைதானே, என்ன செய்யும் என்பவர்களுக்கு ஒன்று. மேல்நாட்டில் மனச்சோர்வுக்குக் குடிக்கும் ‘சென் ஜோன்ஸ் வேர்ட்’ என்ற செடியை 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்டுப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் இரத்தத்தில் இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. கசாயம் குடித்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வயிற்றெரிவுக்குக் கடிக்கும் குளிசையையும்தான்: அதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னரோ ஆறு மணித்தியாலம் பின்னரோதான் டொலுடெக்ராவிர் எடுக்கலாம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் அதே இடைவெளி. சாப்பாட்டோடு என்றால் சேர்த்து எடுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு எவரும் எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்தக்கூடாது. கார்பமசெபினைத் திடீரென விட்டால் வலிப்போ பழைய நோயோ திரும்பும்; திறந்த துருசு மூடவும் இரண்டு கிழமையளவு செல்லும்.

அவர் ஏன் ஒளித்தார் என்று எனக்குத் தெரியும். தறப்பாள் ஒன்றுக்கு அப்பால் அயல் வீடு இருந்த முகாமில் வாழ்ந்தவர் அவர். அங்கே ஒரு சொல் வெளியே போனால் மகளின் கலியாணம் நின்றுவிடும். ஊருக்குச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. “இரண்டு வைத்தியருக்கும் வெற்றுக் குளிசை மட்டைகளை மட்டும் காட்டுங்கோ” என்றேன். மூன்று மாதம் யோசித்தார். பிறகு காட்டினார்.

கார்பமசெபினை நிறுத்தவில்லை. டொலுடெக்ராவிரை 50 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையுமாக, 12 மணித்தியால இடைவெளியில் எடுக்கச் சொன்னார்கள். அடுத்த பரிசோதனையில் கிருமியின் அளவு இறங்கியிருந்தது. கொப்பிகள் இப்போதும் இரண்டுதான்; ஆனால் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மற்றதிலுள்ள மருந்துகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.