சொந்தக் கையால் ஒரு தோட்டா!

ஊறுகாய் வீட்டில் போடலாம். வடாம் மொட்டை மாடியில் பிழியலாம். "இதெல்லாம்தான் கடையிலேயே கிடைக்குதே பாட்டி, எதுக்கு இந்தச் சிரமம்?" என்று கேட்டுப் பாருங்கள்... பதில் வராது, ஒரு பார்வை மட்டும் வரும். அதே பார்வையைப் பார்க்கும் தாத்தாக்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் வீட்டில் தயார் பண்ணும் சமாசாரம்தான் வேறு... துப்பாக்கித் தோட்டா!

பயந்துவிடாதீர்கள். தீவிரவாதமோ கடத்தலோ இல்லை. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. செய்து விற்றால்தான் லைசென்ஸ். 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். (நம்மூரில் யாருக்காவது கை அரித்தால், 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தை ஒரு தரம் படித்துவிடுங்கள். அரிப்பு அடங்கிவிடும்!)

எனக்கு இது தெரிய வந்தது ஒஹையோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது 78. லேத் பட்டறையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். சாயங்காலமானால் கராஜில் விளக்கு எரியும். "உள்ளே என்ன பண்றார் அத்தான்?" என்று கேட்டேன். "நீயே போய்ப் பாரு மாப்ளே... ஆனா, அவர் தராசு பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதே!" என்றார் அத்தான்.

தோட்டா என்றால் நாம் ஒரே பொருள் என்று நினைக்கிறோம். நான்கு பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பொட்டு மாதிரி 'ப்ரைமர்', உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், ப்ரைமர் செத்துவிடும். கூடு மட்டும் பத்திரமாகக் கையில் இருக்கும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் சேர்ந்த அருமையான பித்தளை. அதைத் தூக்கி எறிய எந்தச் சிக்கனக்காரருக்கு மனசு வரும்? திரும்ப நிரப்பு!

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. 1857-ல் நம் சிப்பாய்கள் கொழுப்புத் தடவியதாகக் கொதித்தெழுந்தார்களே, அது காகிதத் தோட்டா. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பித்தளைக் கூடு பரவலான பிறகுதான் மறுபடி நிரப்பும் வழி பிறந்தது. 1870-களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் கூடாரத்திலேயே உட்கார்ந்து நிரப்பினார்கள். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் ஆரம்பித்த 'ஐடியல்' கம்பெனியின் நிரப்பும் கருவி பார்க்க நம் பாக்குவெட்டி போலவே இருக்கும்!

இதில் ஒரு தமாஷ். ப்ரைமரில் இரண்டு ஜாதி. பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது ஒன்று. பெர்டான் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது இன்னொன்று. அமெரிக்கா பிடித்துக்கொண்டது ஆங்கிலேயர் சரக்கை. ஐரோப்பாவில் வேர் விட்டது அமெரிக்கர் சரக்கு! பாக்ஸர் வகைக் கூட்டில் நட்டநடுவே ஒரே துளை. ஒரு ஊசியால் குத்தினால் பழைய ப்ரைமர் விழுந்துவிடும். பெர்டானில் ஓரமாக இரண்டு துளை, லேசில் வராது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இந்தக் கலை வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

"சரி, கடைத் தோட்டாவுக்கு என்ன குறை?" என்று பெரியவரிடம் கேட்டேன். என் சட்டையைப் பார்த்தார். "ரெடிமேடா?"

"ஆமாம்."

"தோள்பட்டை பிடிக்குதா?"

கொஞ்சம் பிடிக்கத்தான் செய்தது!

அவர் துப்பாக்கி, ஆள் வைத்து அளவெடுத்துச் செய்தது. குழாய் ஒருவரிடம், மரக்கட்டை ஒருவரிடம் வாங்கி, தோட்டா உட்காரும் அறையை ஒரு கைதேர்ந்த கொல்லர் கடைந்து கொடுத்திருக்கிறார். கடைத் தோட்டா உலகத்தில் உள்ள எல்லாத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும். அதனால் கொஞ்சம் தொளதொளப்பாகத்தான் செய்வார்கள். இவர் தன் ஒரே துப்பாக்கிக்காகத் தைக்கிறார்.

அந்தத் தையல் ஏன் முக்கியம்? தூரம்! இவர் சுடுவது 1000 கஜத்தில். அதாவது 914 மீட்டர். நம்மூர் டவுன் பஸ் கணக்கில் இரண்டு ஸ்டாப்பிங். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் 'கேம்ப் பெர்ரி' மைதானம் இதே ஒஹையோவில், ஈரி ஏரிக் கரையில்தான் இருக்கிறது. அந்த தூரத்தில் பத்து மார்க் வளையத்தின் அகலம் 20 அங்குலம். ஒரு தாம்பாளம் அளவு.

'6.5 கிரீட்மோர்' என்பது அவர் சுடும் தோட்டா. 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. 1874-ல் அமெரிக்கர்கள் அயர்லாந்து வீரர்களை 934-க்கு 931 என்று மூன்றே மார்க்கில் ஜெயித்த நியூயார்க் மைதானத்தின் பெயர். (அயர்லாந்துக்காரர் ஒருவர் மிக அழகாகச் சுட்டார்... பக்கத்து ஆளின் பலகையில்! மார்க் பூஜ்யம்.) இந்தக் குண்டு விநாடிக்கு சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்பும். 1000 கஜம் போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல். அதற்குள் பூமி அதை சுமார் 25 அடி கீழே இழுத்துவிடும். மணிக்கு 10 மைல் பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஓர் ஆள் உயரத்துக்கு ஒதுங்கிவிடும்.

காற்று நம் கையில் இல்லை. ஆனால் வேகம்? ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் விநாடிக்கு 30 அடி வித்தியாசப்பட்டால் போதும், அந்த தூரத்தில் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் ஏறி இறங்கும். தாம்பாளத்தில் பாதி போச்சு! எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போக வேண்டுமானால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்து, ஒரே இறுக்கம், ஒரே நீளம். அதற்குத்தான் இத்தனை பாடு.

பாடு என்றால் சாதாரணப் பாடா? சுட்ட கூடுகளை முதலில் உருளும் டப்பாவில் அரைத்த வால்நட் ஓட்டோடு போட்டுப் பளபளப்பாக்குகிறார். எண்ணெய் தடவி, எஃகு அச்சில் விட்டு நெம்புகோலை இழுத்தால் பழைய ப்ரைமர் விழுகிறது, உப்பிய கூடு ஒடுங்குகிறது. நீண்டுபோன கழுத்தைச் சீவுகிறார். அடித்து அடித்துப் பித்தளை விறைத்துப் போனால் என்ன ஆகும் என்று நம் பாத்திரக்காரர்களுக்குத் தெரியும்... விரிசல்தான். அதனால் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்குகிறார். புது ப்ரைமர். பிறகுதான் தராசு!

இங்கே எடை 'கிரெய்ன்' கணக்கு. பழைய காலத்துத் தானிய மணிக் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் ஒரு பவுன் தங்கம், எட்டு கிராம், சுமார் 123 கிரெய்ன். இவர் நிறுப்பது ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. குன்றிமணி வைத்து நிறுத்த நம்மூர் ஆசாரிகள் பார்த்தால் பக்கத்தில் மணை போட்டு உட்கார வைப்பார்கள்!

அந்த நேரத்தில்தான் பேசக் கூடாது. ரேடியோ, செல்போன் எதுவும் கிடையாது. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா, மற்றதெல்லாம் அலமாரியில். ஐம்பது கூட்டிலும் மருந்து போட்ட பிறகு டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறார். ஒன்றில் கூடுதலாக ஏறியிருந்தால்? சுடும்போது அந்தக் கூட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரைப் போல இரண்டாயிரம் மடங்கு. அது வெடிக்கும் இடம் சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலம்தான்.

பெரியவரின் கிளப் நண்பர் ஒருவர் பேச்சு சுவாரஸ்யத்தில் கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் கூட்டில் நிரப்பிவிட்டாராம். அது சட்டென எரியும் ரகம். முதல் சூட்டிலேயே துப்பாக்கி பிளந்தது. "ரெண்டு விரல் போச்சு. பேசினது எதைப் பத்தின்னு கேட்டேன். அவனுக்கு ஞாபகமே இல்ல!" என்றார்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பேரேடு விரியும். அவருடைய நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். கடையில் நல்ல தோட்டா ஒன்று சுமார் இரண்டு டாலர். வீட்டில் குண்டு, மருந்து, ப்ரைமர், கூட்டின் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு டாலர். தோட்டாவுக்கு ஒரு டாலர் மிச்சம். பேஷ்! ஆனால், தராசு, அச்சு, நெம்புகோல் வகையறாவுக்குப் போட்ட முதல் 2,500 டாலர். ஆக, 2,500 தோட்டா சுட்டால்தான் போட்ட காசு வரும். அதற்குள் என்ன ஆகும் தெரியுமா? இந்த ரகத் துப்பாக்கியின் குழாய் இரண்டாயிரம், மூவாயிரம் சூட்டில் தேய்ந்துவிடும். புதுக் குழாய் மாற்ற வேண்டும்!

இன்னொரு கணக்கும் உண்டு. குண்டு குழாய்க்குள் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றரை பங்குதான். 2,500 சூட்டையும் கூட்டினால் நாலு விநாடிகூட வராது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குழாயின் மொத்த உழைப்பு நாலு விநாடி! எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார். அத்தோடு 2020, 21-ல் ப்ரைமர் பஞ்சம் வேறு. ஆயிரம் ப்ரைமர் 35 டாலருக்கு வாங்கியவர் நூறுக்கு மேல் கொடுத்திருக்கிறார்.

"நஷ்டம்தானே?" என்றேன். "சிக்கனம்கிறது என் மனைவிகிட்ட சொன்ன காரணம். அவளும் நம்பல!" என்று சிரித்தார்.

கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 2021-ல் மட்டும் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? பெரியவர் வாதம் பண்ணவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். துப்பாக்கி அலமாரிச் சாவி. மனைவி போன பிறகு ஆறு மாதம் அதை மகளிடம் கொடுத்து வைத்திருந்தாராம். "அப்போ வீட்டில் இருக்க வேண்டாம்னு தோணிச்சு" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் தேதி, எடை, நீளம். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி... 'என்னைத் தவிர யாரும் சுடக் கூடாது.'

அத்தானும் துப்பாக்கி சுடப் பழகுகிறார். அவருக்குக்கூட ஒரு தோட்டா கொடுத்ததில்லை. அடுத்தவர் கையால் நிரப்பியதைச் சுடக் கூடாது என்பது இந்த உலகத்தின் எழுதாத சட்டம். என்ன போட்டார், எந்த மனநிலையில் போட்டார், யாருக்குத் தெரியும்?

"உங்களுக்குப் பிறகு இதெல்லாம்?" என்றேன்.

"மகளுக்கு எழுதி வெச்சிருக்கேன். வீடு, கார், துப்பாக்கி எல்லாம் அவளுக்கு. இந்தப் பெட்டிகளை மட்டும் பிரிச்சு அழிச்சிடணும்."

பி.காமில் ஆயிரம் வகைச் சொத்து படித்திருக்கிறேன். அசையும் சொத்து, அசையாச் சொத்து, கண்ணுக்குத் தெரியாத 'குட்வில்' வரைக்கும். இத்தனை மெனக்கெட்டுச் சேர்த்து, ஒருத்தருக்கும் கொடுக்க முடியாத சொத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை!